லைவ் வாத்தியம் இருந்தால் ஜாஸ் ஆகிவிடுமா?

பேஸ்கிளெஃப்:
2024 பிப்ரவரி 4, கிராமி இரவு. ஐஸ்லாந்துப் பாடகி லேவேயின் 'பிவிட்ச்டு' ஆல்பத்துக்கு விருது கிடைத்தது, 'டிரடிஷனல் பாப்' பிரிவில், அதாவது பழைய பாணி பாப் பாட்டுக்கு. சிறந்த ஜாஸ் குரல் ஆல்பம் என்ற விருதை அன்று வாங்கியது நிகோல் ஸுரைடிஸின் 'ஹவ் லவ் பிகின்ஸ்'. முதல் பெயரைக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? ஆனால் 'ஜாஸுக்கு உயிர் கொடுத்தவர்' என்ற பட்டம் மட்டும் முதலாமவருக்கு.

செல்லோ, பியானோ, கிடார், பின்னால் வயலின் வரிசை, எல்லாம் நிஜ வாத்தியம். சரி. அதனால் ஜாஸ் ஆகிவிடுமா? ஜாஸுக்கு உயிரே அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பதுதான். கீர்த்தனையை அச்சுப் பிசகாமல் பாடிவிட்டு, நிரவல் இல்லாமல், ஸ்வரம் இல்லாமல் மங்களத்துக்குப் போனால் சபாவில் சும்மா விடுவார்களா?

மழைநேரம்:
வந்ததும் தீர்ப்பா? அந்தப் பெண்ணின் அம்மா ஐஸ்லாந்து சிம்ஃபனியில் வயலின் வாசிப்பவர். இவரே 15 வயதில் அந்த ஆர்க்கெஸ்ட்ராவோடு செல்லோ தனி வாசித்தவர், அப்புறம் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். அவருடைய 'ஃப்ரம் த ஸ்டார்ட்' பாட்டு ஒரு போசா நோவா, பிரேசில் பாணி. நடுவில் ஸ்காட்கூட வருகிறது, அதாவது சொல் இல்லாமல் வெறும் ஓசையில் கற்பனையாகப் பாடுவது. கேட்டீர்களா, இல்லை பேரைப் பார்த்ததும் மூடிவிட்டீர்களா?

நிரவல் கணக்கு சொல்கிறீர்களே, அந்தக் கால ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே எங்கே பக்கம் பக்கமாக ஸ்காட் பாடினார்? 1958-ல் வந்த அவருடைய 'லேடி இன் சாட்டின்' ஆல்பம் முழுக்க ரே எல்லிஸ் எழுதிய ஸ்ட்ரிங்ஸ்தான், வயலின் வகை வாத்திய வரிசை. அதையும் ஜாஸ் அலமாரியிலிருந்து எடுத்துவிடலாமா?

பேஸ்கிளெஃப்:
எடுக்க மாட்டேன். ஆர்க்கெஸ்ட்ரா நேராகப் போய்க்கொண்டிருக்கும், ஹாலிடே ஒவ்வொரு வரியிலும் தாளத்துக்குப் பின்னால் வந்து சேர்வார். எந்த வரியில் எவ்வளவு தாமதிப்பார் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. மனோதர்மம் அங்கே இருக்கிறது. ஸ்ட்ரிங்ஸோடு எனக்குச் சண்டை இல்லை. 1949-ல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரே எழுதி வைத்த ஸ்ட்ரிங்ஸுக்கு மேல்தான் 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' வாசித்தார். ஸ்ட்ரிங்ஸ் வாசித்தது எழுதி வைத்தது, பார்க்கர் வாசித்தது எழுதி வைக்காதது. லேவேயிடம் இரண்டுமே எழுதினதாகத்தான் எனக்குக் கேட்கிறது.

ஃபேடர்:
ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். இரண்டு பேரும் 'லைவ்' என்பதை ஒரே பொருளில் பேசவில்லை.

நிஜ ட்ரம்ஸை திங்கள்கிழமை எடுத்து, பேஸை செவ்வாய் எடுத்து, குரலை அடுத்த வாரம் ஒட்டினாலும் 'லைவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்று அட்டையில் போடலாம். பொய்யில்லை. ஆனால் எல்லோரும் ஹெட்ஃபோனில் கிளிக்கை, அதாவது தாளம் காட்டும் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுத்தான் வாசித்திருப்பார்கள், பக்கத்து ஆளைக் கேட்டு இல்லை.

நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் கதையே வேறு. சிம்பல் சத்தம் பாடகியின் மைக்கில் ஒழுகும். நாங்கள் ப்ளீட் என்போம். பாடகி ஒரு இடத்தில் ஸ்ருதி இறங்கினால் அந்தக் குரலை மட்டும் ட்யூன் செய்ய முடியாது, கூடவே ஒழுகிய சிம்பலும் வளைந்து தகரம் மாதிரி கேட்கும். அதனால் ஒன்று முழு டேக்கும், அதாவது ஒரே மூச்சில் எடுக்கும் பதிவு முழுவதும் நன்றாக வரவேண்டும், இல்லை எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். நியூயார்க் 30-வது தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை கொலம்பியா கம்பெனி ஸ்டுடியோவாக வைத்திருந்தது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் அங்கே 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் முடிந்தது. 'லேடி இன் சாட்டின்' பதிவானதும் அங்கேதான்.

மழைநேரம்:
ஃபேடர், அந்த அறையும் அந்த இரண்டு நாளும் கொலம்பியா காசு. தனியாகக் கிளம்பும் ஒரு பாடகி அதற்கு எங்கே போவார்?

சில்லறை:
'தனியாக' என்றதும் ஒரு கேள்வி. லேவே பாட்டுகள் வெளிவருவது ஏவால் (AWAL) என்ற இசை வெளியீட்டு கம்பெனி வழியாக. ஏவாலை 43 கோடி டாலருக்கு சோனி வாங்குகிறது என்று 2021-லேயே செய்தி வந்தது. இன்டிபென்டன்ட் என்று இன்னும் எத்தனை நாள் சொல்லப்போகிறோம்? ஸுரைடிஸ் ஆல்பம் வந்ததோ ஒரு சின்ன லேபிளில்.

மழைநேரம்:
ஏவால் மாதிரியான ஒப்பந்தத்தில் பாட்டின் உரிமை பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். எனக்கு இன்டிபென்டன்ட் என்றால் அதுதான். லண்டன் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து 'பிவிட்ச்டு'வில் 'கலிஃபோர்னியா அண்ட் மீ' பாட்டை எடுத்ததற்குக் குறை சொல்வீர்கள், கம்ப்யூட்டர் வயலின் போட்டிருந்தால் அதற்கும் சொல்வீர்கள். அதே ஆல்பத்தில் 'மிஸ்டி' இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, அந்த மெட்டைப் போட்ட ஜாஸ் பியானோக்காரர் எர்ரோல் கார்னரைத் தேடிப் போகிற பிள்ளைகளை நீங்கள் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பேஸ்கிளெஃப்:
நல்ல கணக்கில்தான். வாசல் என்று சொல்லுங்கள், கும்பிடுகிறேன். வாசலையே வீடு என்கிறீர்கள்.

1960 பிப்ரவரி 13, பெர்லின். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டு மேடையில் 'மேக் த நைஃப்' பாடுகிறார். பாதியில் வரி மறந்துவிட்டது. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே பாட்டாகப் பாடுகிறார், வாயில் வந்ததை அடுக்குகிறார், லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் கரகரக்கிறார். பின்னால் வாசிக்கும் நாலு பேரும் அசரவில்லை, கூடவே போகிறார்கள். அந்தப் பதிவுக்கு கிராமியும் கிடைத்தது. கிளிக் ஓடுகிற ஆல்பத்தில் இது நடக்குமா?

மழைநேரம்:
மேடையில் நடந்ததைக் கொண்டுவந்து ஸ்டுடியோ ஆல்பத்தோடு மோத விடுகிறீர்கள். அதே ஃபிட்ஜெரால்டு ஸ்டுடியோவில் இசையமைப்பாளர் நெல்சன் ரிடில் எழுதிக் கொடுத்ததை மெட்டு கலையாமல் பாடியவர்தான். அந்த ஆல்பங்களும் கடையில் ஜாஸ் தட்டில்தான் இருந்தன.

புதுவரவு:
அண்ணன்மார்களே, நடுவில் ஒன்று கேட்கலாமா? என் தங்கை பாடுவாள். பியானோ, டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேரோடு ஆறு பாட்டு எடுக்க ஆசை. ஸ்டுடியோவை ஒரே நாள்தான் பிடிக்க முடியும், ஹாலும் ஒன்றுதான். என்ன செய்யலாம்?

ஃபேடர்:
ஒத்திகையை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள். ஸ்டுடியோ மீட்டர் ஓடும்போது எந்த இடத்தில் என்ன கார்ட் (chord) என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ட்ரம்மரை பிரஷ் எடுத்துவரச் சொல்லுங்கள், குச்சி வேண்டாம், ஒழுகுவது பாதி குறையும். தங்கையின் மைக்கின் பின்பக்கம் ட்ரம்ஸைப் பார்க்கட்டும். பியானோ மூடியைக் கொஞ்சம் இறக்கி, மேலே கம்பளி போடுங்கள். பாட்டுக்கு மூன்று டேக் போதும். அதற்கு மேல் போனால் எல்லோரும் களைத்துவிடுவார்கள், அது பதிவில் கேட்கும்.

பேஸ்கிளெஃப்:
கிளிக் மட்டும் வேண்டாம் தம்பி.

மழைநேரம்:
போட்டே எடுங்கள். பிறகு ஸ்ட்ரிங்ஸ் சேர்க்கணும் என்று தோன்றினால்?

பேஸ்கிளெஃப்:
தோன்றாது.

மழைநேரம்:
பார்க்கருக்கே தோன்றியது சார்.