உளவியல் பி.எச்டி.: நேர்காணல் முடிந்து ஐந்து வாரம், பதில் இல்லை. என்ன செய்யலாம்?

தக்கலை_உளவியல்:

எல்லாருக்கும் வணக்கம். விவரம் இதுதான். எம்.எஸ்சி. உளவியல், 68 சதவீதம். டிசம்பர் சுற்று யூஜிசி நெட்டில் இரண்டாம் பிரிவில் (உதவிப் பேராசிரியர், பி.எச்டி. சேர்க்கை) தேறியாச்சு, 300-க்கு 186. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்காணல் முடிந்து ஐந்து வாரம் ஆகுது, ஒரு தகவலும் இல்லை. அமெரிக்காவில் ஐந்து இடத்துக்குப் போட்டிருக்கேன்: மூன்று கிளினிக்கல் (மனநலச் சிகிச்சை சார்ந்த உளவியல்), இரண்டு வளர்ச்சி உளவியல். ஒரு கிளினிக்கல் இடத்தில் ஜூம் நேர்காணல் முடிந்து வெயிட்லிஸ்ட். மற்ற நாலும் பரிசீலனையில் இருக்குன்னுதான் காட்டுது. இப்போ மார்ச் முதல் வாரம்.

பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பலாமா, யாருக்கு? வெயிட்லிஸ்டுக்கு எந்தத் தேதி வரை காத்திருக்கணும்? ரெண்டும் அமையலேன்னா இந்த நெட் மதிப்பெண் அடுத்த வருஷம் செல்லுமா? வீட்டில் பி.எட். சேரச் சொல்றாங்க, அதுக்குப் பதில் சொல்லவும் தேதி தெரியணும்.

வேளிமலை:

தங்கச்சி, பி.எச்டி.யில் இடம் இருப்பது ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் கையில். துறை நினைச்சாலும் வழிகாட்டிக்கு வேகன்சி இல்லேன்னா சேர்க்க முடியாது. யூஜிசியின் 2022 விதிமுறைப்படி ஒரு நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வுக்கு மூணு வருஷத்துக்குக் குறைவா இருக்கிறவங்க புதுசா யாரையும் எடுக்கக் கூடாது. நேர்காணலில் நல்லாப் பேசியும் கிடைக்காமப் போறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதை நீயே பார்த்துக்கலாம். வழிகாட்டி வாரியா ஆய்வாளர் பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் இணையதளத்தில் போட்டு வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னு அதே விதி சொல்லுது. உன் தலைப்புக்கு ஒத்துவர்ற ரெண்டு மூணு பேரை எடுத்து, பேருக்கு நேரே எத்தனை ஆய்வாளர்னு எண்ணு. பதிவு செய்த வருஷத்தையும் பாரு. ஆறு வருஷத்தை நெருங்கினவங்க இருந்தா அந்த இடம் சீக்கிரம் காலியாகும்.

மதிப்பெண் கணக்கு: இரண்டாம் பிரிவுக்கும், மூன்றாம் பிரிவுக்கும் (பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தேறினவங்க) நெட் 70, நேர்காணல் 30. உன் 186-ஐ சதவீதமாக்கினா 62, அதில் 70 பங்கு எடுத்தா 43.4. 210 வாங்கினவருக்கு 49 வரும். இடைவெளி 5.6 தான், 30 மதிப்பெண் நேர்காணலில் அதைத் தாண்டலாம். அதனால நெட் குறைவுன்னு மனசை விட்டுராதே.

மெயில் தாராளமா அனுப்பலாம், ஐந்து வாரம் போதும். துறைத்தலைவருக்கு எழுது. விண்ணப்ப எண், நேர்காணல் தேதி, ஆய்வுத் தலைப்பு, பிறகு ஒரே கேள்வி: "தேர்வுப் பட்டியல் எந்த வாரம் எதிர்பார்க்கலாம்?" எனக்குக் கிடைக்குமான்னு கேட்டா பட்டியல் வெளிவரும் முன்னே யாராலும் எழுத்தில் பதில் தர முடியாது, மெயில் அப்படியே கிடக்கும். தேதி கேட்டா அலுவலகத்தில் இருக்கிறவங்களே பதில் போட முடியும். பத்து வேலை நாள் கழிச்சும் சத்தம் இல்லேன்னா காலையில் போன் பண்ணு.

நெட்: பி.எச்டி. சேர்க்கைக்கான மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும். உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் காலக்கெடு கிடையாது. ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பலர் ஒரு சேர்க்கையைக் கோட்டை விடுறாங்க. ஜூன் நெட்டையும் எழுதிரு. ஜே.ஆர்.எஃப். வந்தா மாதம் 37,000 ரூபாய், சேர்க்கையும் நேர்காணலை வைத்துத்தான். வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருஷத் தளர்வு உண்டு.

பழையாறு:

அமெரிக்கப் பக்கத்துக்கு நான் சொல்றேன்.

உங்களுக்கு முக்கியமான தேதி ஏப்ரல் 15. உதவித்தொகையோடு வர்ற அழைப்புக்கு அதற்கு முன் பதில் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதில்லைன்னு அங்குள்ள கிராஜுவேட் ஸ்கூல்ஸ் கவுன்சிலின் தீர்மானத்தில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்துப் போட்டிருக்கு. ரெண்டு மூணு அழைப்பைக் கையில் வெச்சிருக்கிறவங்க ஒன்றை வெச்சுக்கிட்டு மற்றதை விடுறது அந்தக் கடைசி நாட்களில்தான். வெயிட்லிஸ்ட் நகர்வதும் அப்போதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 மாலை 5 மணி என்றால் இங்கே 16-ஆம் தேதி அதிகாலை 2.30. அந்த ரெண்டு ராத்திரியும் போனைச் சத்தத்தில் வையுங்க, ஸ்பாம் பெட்டியையும் பாருங்க. பி.எட். பதிலை ஏப்ரல் 16 வரைக்கும் தள்ளிப்போட முடியுமான்னு வீட்டில் கேளுங்க.

அழைப்பே வராத மற்ற ரெண்டு கிளினிக்கல் இடம் பெரும்பாலும் முடிஞ்ச கதை. கிளினிக்கல் நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில் நடந்துடும், மறுப்புக் கடிதம்தான் தாமதமா வரும். வளர்ச்சி உளவியலை அப்படி எழுதிவிடாதீங்க. முறையான நேர்காணல் நாள் வைக்காம பேராசிரியரே ஒரு அரைமணி நேரம் பேசிட்டு முடிவெடுக்கிற துறைகளும் உண்டு.

வெயிட்லிஸ்ட் இடத்துக்கு இப்போ ஒரு மெயில் போகணும், நேர்காணல் செய்த பேராசிரியருக்கே. வேளிமலை அண்ணன் சொன்னது அங்கேயும் பொருந்தும்: ஒரு பேராசிரியர் ஒரு வருஷத்தில் ஒருத்தரையோ ரெண்டு பேரையோதான் எடுப்பார், சில வருஷம் யாரையும் எடுப்பதில்லை. நேர்காணலுக்குப் பிறகு நடந்த புதுசு ஏதாவது இருந்தா எழுதுங்க (நெட் முடிவு, ஏற்கப்பட்ட கட்டுரை). அதுதான் முதல் விருப்பம்னா அதையும் சொல்லுங்க. உண்மையா இருந்தா மட்டும். ரெண்டு இடத்துக்கு அதே வரியை அனுப்பாதீங்க. துறைக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சவங்க.

அடுத்த வருஷம் போடுறதா இருந்தா, ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கிளினிக்கல் படிப்பும் சேர்ந்தவர், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர் எண்ணிக்கையைத் தன் பக்கத்தில் வெளியிடணும். கட்டணம் கட்டும் முன் அந்த அட்டவணையைப் பாருங்க. பி.எச்டி.க்குப் பொதுவா கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் வரும், சை.டி.க்கு (ஆய்வை விடச் சிகிச்சைப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் உளவியல் முனைவர் பட்டம்) பெரும்பாலும் கைக்காசுதான்.

தக்கலை_உளவியல்:

ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னாடி இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கு, சர்நேம் இடம் காலி. பிரச்சினை வருமா?

குழித்துறை_ஆற்றங்கரை:

வரும் மக்களே, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வர்றது இதுதான். சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசாவில் உன் பெயர் சர்நேம் இடத்துக்குப் போயிரும், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ.ன்னு விழும், முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம். பிறகு வங்கிக் கணக்கு, சம்பளப் பதிவு எல்லாத்திலும் அதே ஒட்டிக்கும். ஐ-20-ஐ (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தர்ற படிவம்) பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் அடிக்கிறாங்க. அதனால அழைப்பு வரும்வரை காத்திருக்காம இப்பவே அப்பா பெயரைச் சர்நேமாப் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு பண்ணு. டோஃபல் ஆங்கிலத் தேர்வில் இருக்கிற பெயரும் அதோட ஒத்துப்போகணும். மார்க் ஷீட் இனிஷியலுக்கு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஒரு நோட்டரி உறுதிமொழி வாங்கி வை.

மத்திய நிறுவனம் எதுக்காவது போடுறியா? அப்போ தமிழ்நாட்டு பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லாதவர் சான்று வேணும். இ-சேவையில் போட்டு தாசில்தார் கையெழுத்தாகி வரும். பல இடத்தில் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கினதைக் கேப்பாங்க. ஏப்ரல் முதல் வாரமே போட்டிரு. அப்புறம் பள்ளி, காலேஜ் அட்மிஷன் கூட்டம் சேர்ந்தா கல்குளம் தாலுகா ஆபீஸில் நாள் இழுக்கும்.

டிகிரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமா இருந்தா, டிரான்ஸ்கிரிப்ட் அபிஷேகப்பட்டியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில். முத்திரை வெச்ச கவர் ரெண்டு மூணு கூடுதலா வாங்கிக்கோ. பிரிச்ச கவரை எங்கேயும் ஏத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்லித் தர்றதில்லை: பல்கலைக்கழகத்தில் சாதாரண உளவியல் பி.எச்டி. முடிச்சதை மட்டும் வெச்சு இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாப் பதிவு பண்ண முடியாது. அதுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பு தனியா வேணும். நாகர்கோவிலில் கிளினிக் வைக்கணும்னு மனசில் இருந்தா, வழிகாட்டி ஒப்புதல் கையெழுத்துக்கு முன்னாடி யோசி. ஆய்வும் கற்பித்தலும்தான்னா கவலையில்லை.

தக்கலை_உளவியல்:

கற்பித்தல்தான். பட்டியலை எண்ணிப் பார்த்தேன். நான் குறிப்பிட்டிருந்த பேராசிரியர் பேருக்கு நேரே 8 பேர், எல்லாருமே 2022-க்குப் பிறகு பதிவு செய்தவங்க. இன்னொரு உதவிப் பேராசிரியருக்கு 3 பேர்தான், என் ஆய்வுத் தலைப்பு மாதிரியே பதின்பருவம்தான் அவங்க துறையும்.

வேளிமலை:

அப்போ விஷயம் புரிஞ்சுபோச்சு. துறைத்தலைவருக்கு எழுதுற மெயிலில், தேதிக் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்: அந்த உதவிப் பேராசிரியர் வழிகாட்டுதலிலும் சேரச் சம்மதம்னு. அந்த உதவிப் பேராசிரியருக்குத் தனியா உன் ஆய்வுத் திட்டத்தின் ரெண்டு பக்கச் சுருக்கத்தை அனுப்பு. பட்டியல் வெளிவந்த பிறகு இதைச் சொன்னா பலனில்லை, இன்னைக்கே அனுப்பு.