டிஜிட்டல் மிக்சரா, கன்ட்ரோல் சர்ஃபேஸா?

கேள்வி:
வீட்டில் குரலும் கிட்டாரும் பதிவு செய்கிறேன், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) ரீப்பர் என்ற பதிவு மென்பொருளும்தான் இருக்கின்றன. மவுஸால் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இழுத்து இழுத்து அலுத்துவிட்டது. பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் என்ற கன்ட்ரோல் சர்ஃபேஸ் வாங்கினால் மைக்கை அதிலேயே செருகலாமா, இல்லை எக்ஸ்ஆர்18 மாதிரி டிஜிட்டல் மிக்சர் எடுக்கணுமா?

பதில் 1:
செருக முடியாது நண்பரே. எக்ஸ்-டச் வழியாக ஒலியே போகாது. ஃபேடரை நகர்த்தினால் இந்த டிராக்கை இவ்வளவு குறை என்று மிடி என்ற கட்டளைச் செய்தி மட்டும் கணினிக்குப் போகும், அப்புறம் ஆட்டோமேஷன் (மென்பொருளில் பதிந்து வைத்த ஒலி அளவு மாற்றங்கள்) ஓடும்போது மோட்டார் வைத்த 9 ஃபேடர்களும் தானாக ஏறி இறங்கும், பேய் பிடித்த மாதிரி!

பதில் 2:
எக்ஸ்ஆர்18 நேர் எதிர். 16 மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி), யுஎஸ்பியில் 18 தடங்கள், ஆனால் பெட்டியில் ஒரு ஃபேடர்கூடக் கிடையாது, எல்லாம் டேப்லெட்டிலோ கணினியிலோதான். டிரம்ஸோடு முழுக் குழுவைப் பதிவு செய்பவருக்குச் சரி, உங்களுக்கு வீண் செலவு.

கேட்டவர்:
நல்லவேளை, முன்பணம் கட்டவில்லை. ஒற்றை ஃபேடர் போதுமா?

பதில் 1:
தாராளமாக. ஒற்றை ஃபேடர் உள்ள எக்ஸ்-டச் ஒன் பாருங்கள், ரீப்பரின் அமைப்புகளில் மேக்கி கன்ட்ரோல் என்ற வகைக் கருவியாகச் சேர்த்தால் ஓடும். இருக்கிற இன்டர்ஃபேஸை மட்டும் விற்றுவிடாதீர்கள், மைக் அதில்தான் செருகணும்.