வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: காலில் தொடங்கும் நரம்பு நோய்க்கு

அனுப்புநர்: படிவக்காரி, அரியாங்குப்பம்
செவ்வாய், காலை 10.40

குழுவினருக்கு வணக்கம். அவசரம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்பு பற்றிய மருந்தாய்வு தொடங்க இருக்கிறது. ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கும் வேலை என் தலையில். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழு கூடுகிறது. நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் குழு ஏற்கும்.

சிக்கல் 'நியூரோபதி', அதாவது நரம்பு கெடும் நோய். முன்பு வேறொரு படிவத்தில் யாரோ 'நரம்புத் தளர்ச்சி' என்று போட்டுவிட்டார்கள். வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். "எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாதும்மா, பேரன் பேத்தி எடுத்தாச்சு." பேருந்து நிலையச் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான் அவர் கண் முன்னால் நின்றிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

நியூரோபதி என்றே எழுதிவிடலாம்தான். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சாட்சிக்கும் புரியவில்லை என்றால் என்ன சாட்சி?

அனுப்புநர்: மஞ்சக்குப்பம் மருத்துவர்
செவ்வாய், பிற்பகல் 2.15

நரம்புப் பாதிப்பு. போதும். வார்டில் எல்லோரும் சொல்வது அதுதான்.

'நரம்பழிவு', 'நரம்புச் சிதைவு' வேண்டாம். கெட்டது கெட்டதுதான் என்ற எண்ணம் வந்துவிடும். 1993இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் முதல் வகை நீரிழிவுக்காரர்கள் 1,441 பேர் இருந்தார்கள். சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்திய பிரிவில் நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் 'அழிவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அனுப்புநர்: திருப்பாதிரிப்புலியூர்ப் புலவர்
செவ்வாய், இரவு 9.50

அன்புடையீர், 'பாதிப்பு' வடமொழி 'பாதா'வின் வழி வந்தது. அதை ஒதுக்குக. நம்மிடம் அதனினும் கூர்மையான சொல் ஒன்று உண்டு: ஊறு.

உறு என்னும் முதனிலை நீண்டு ஊறு ஆயிற்று. படு பாடு ஆனதும் கெடு கேடு ஆனதும் போல முதனிலை திரிந்த தொழிற்பெயர். உறுதலாவது தொடுதல். "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்ற குறளில் ஊறு தொடுபுலன். அதே நூலில் "ஊறொரால்" என்னுமிடத்து ஊறு இடையூறு, கேடு. ஒரே சொல்லில் தொடுபுலனும் அதற்கு வந்த கேடும்! காலில் உணர்வு போகும் நோய்க்கு இதைவிட என்ன வேண்டும்? நரம்பு + ஊறு = நரம்பூறு. உகரம் கெட்டு இயல்பாகப் புணரும். நாவுக்கும் இனிது.

நரம்பு என்ற சொல்லின் பழம்பொருளும் நோக்குக. தொல்காப்பியர் "நரம்பின் மறைய" என்றது யாழ் நரம்பை. கிரேக்கத்தில் நியூரான் என்பதற்கும் முதற்பொருள் நாண், தசைநார் என்பர். நார், நரம்பு, நியூரான் என்ற வரிசையை அன்பர்கள் உய்த்துணர்க. விரிவாகத் தனி மடல் எழுதுவேன்.

அனுப்புநர்: மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 10.05

ஐயா, நார்-நியூரான் மடலைத் தயவுசெய்து தனி இழையில் போடுங்கள். போன வருட சண்டையே இன்னும் ஆறவில்லை.

அனுப்புநர்: படிவக்காரி, அரியாங்குப்பம்
புதன், காலை 8.30

புலவர் ஐயா, சொல் அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் என் மாமியாரிடம் 'நரம்பூறு' என்றால் என்ன அத்தை என்று கேட்டேன். "ஊறுகாயில போடுவாங்களா?" என்றார்.

அனுப்புநர்: நெல்லிக்குப்பம் சித்த மருத்துவர்
புதன், காலை 11.20

சர்க்கரை ஆலை ஊர்க்காரன் என்ற உரிமையில் பேசுகிறேன். சித்த மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்கு மதுமேகம் என்ற பெயர் இருக்கிறது, வாதம் இருக்கிறது. 'மேகவாதம்' என்று சேர்த்துவிட்டால் முடிந்தது. குத்தும் எரிச்சலும் முக்கியம் என்றால் 'சூலை' என்று சொல்லுங்கள். நாவுக்கரசரைப் பிடித்ததே நம் மாவட்டத்துச் சூலைதானே! பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தொடங்கி அதிகையில் தீர்ந்தது. இதைவிட மண்ணின் சொல் ஏது?

அனுப்புநர்: முதுநகர்க்காரன்
புதன், பகல் 12.10

அப்பர் சுவாமிகளே "வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட" என்று இடம் குறித்துச் சொல்லிவிட்டார். நாம் பேசுவது கால் விரல் நுனியை. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது, அதன் நுனிதான் முதலில் கெடுகிறது. காலுறை போட்ட அளவுக்கு ஏறிய பிறகுதான் கையுறை அளவில் கைக்கு வரும். வயிற்று நரம்பும் கெடும், சாப்பாடு இறங்காது, ஆனால் இந்த ஆய்வு அதைப் பற்றியதில்லை.

மேகவாதமா? 'மேகநோய்' என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் இங்கே எழுத வேண்டாம். படிவக்காரி அம்மா நரம்புத் தளர்ச்சியிலிருந்து தப்பி மேகத்தில் மாட்டிக்கொள்வார்.

அனுப்புநர்: திருப்பிப் பெயர்ப்பவர், வில்லியனூர்
புதன், மாலை 6.45

இந்தப் படிவம் என்னிடம் வராது என்று உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன், வந்தால் நான் பார்த்தது தப்பாகிவிடும்.

எல்லோரும் 'நரம்பு'க்குப் பின்னால் என்ன போடுவது என்று சண்டை போடுகிறீர்கள். கோளாறு 'நரம்பி'லேயே இருக்கிறது. கையில் நீலமாகத் தெரிவதும் நம் மக்களுக்கு நரம்பு. ரத்தக்குழாயில் போடுவது நரம்பு ஊசி. காலில் புடைத்துச் சுருண்டால் நரம்பு சுருட்டல். 'நரம்புப் பாதிப்பு' என்று படித்தவர் பேன்ட்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டுவார், நான் பார்த்திருக்கிறேன். 'புற நரம்பு' என்றால் இன்னும் மோசம், வெளியே தெரியும் நரம்பு என்றே கொள்வார்கள்.

வேறு படிவங்களில் என்னிடம் வந்த சில: 'நரம்புக் கடத்தல் சோதனை', நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. பள்ளி இயற்பியலில் கடத்தல் சரி. ஆனால் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் வாழ்கிறவனிடம் கடத்தல், சோதனை இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியும் சாராயப் பாட்டிலும்தான் நினைவுக்கு வரும். அடுத்தது 'இரட்டைக் குருட்டு ஆய்வு'. சர்க்கரையால் கண் போகுமோ என்று ஏற்கெனவே பயந்து கிடக்கிறவரிடம் குருடு என்று எழுதி நீட்டலாமா? 'இருபுற மறைப்பு' என்று மாற்றச் சொன்னேன். யாருக்கு எந்த மருந்து என்பது டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவ்வளவுதானே.

அனுப்புநர்: திருப்பாதிரிப்புலியூர்ப் புலவர்
புதன், இரவு 9.30

வில்லியனூர் அன்பர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் அத்தகைய படிவம் ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லா மாத்திரைக்குப் 'போலி மருந்து' என்ற தொடரைக் கண்டேன். அது கள்ள மருந்து ஆயிற்றே! 'மருந்துப்போலி' எனில் மருந்து போன்றது. இல்வாய் வாயில் ஆனாற்போல் சொல் முன்பின்னாக மாறியும் பொருள் மாறாதது இலக்கணப்போலி. இங்கோ மாறினால் காவல்துறை வரும்.

அனுப்புநர்: மஞ்சக்குப்பம் மருத்துவர்
வியாழன், காலை 7.20

போலி விஷயத்தில் புலவர் பக்கம் நான்.

ஒருவர் தனி மடலில் 'மரப்பு நோய்' என்று சொல்லியிருந்தார். நோயாளிகள் "மரத்துப்போச்சு", "மதமதன்னு இருக்கு", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி" என்று சொல்வது உண்மைதான். வீராம்பட்டினம் தேருக்கு வெறுங்காலில் போய்விட்டு வந்த அம்மா ஒருவர், வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்து யார் தண்ணீர் கொட்டியது என்று பிள்ளைகளை அதட்டியிருக்கிறார். அவர் உள்ளங்கால் கொப்புளம் உடைந்த நீர் அது. தார்ச்சாலைச் சூடு அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அதே அம்மாவுக்கு ராத்திரி படுத்தால் கால் தானாக எரியும், போர்வை பட்டால் தாங்காது. இந்த ஆய்வு அந்த எரிச்சலுக்கான மருந்தைப் பற்றியது. எரிகிற காலுக்கு மரப்பு என்று பெயர் வைப்பதா? மரத்துப்போச்சா என்று கேட்டாலே பெருநோயோ, அதாவது தொழுநோயோ என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தலைப்பில் 'நீரிழிவு நரம்புப் பாதிப்பு' என்றால் காரணம் முடிவாகிவிட்டது போல் இருக்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரும். அதைப் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் ஆய்வில் சேர்ப்போம். அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அனுப்புநர்: திருப்பாதிரிப்புலியூர்ப் புலவர்
வியாழன், காலை 8.00

மரத்தல் மரத்திலிருந்து வந்தது என்பர். எனக்கு ஐயம். "ஒன்றறிவதுவே உற்றறிவதுவே" என்று கூறி, புல்லையும் மரத்தையும் அவ்வகையில் வைத்தார் தொல்காப்பியர். மரத்துக்கு இருப்பதே தொடுபுலன் ஒன்றுதான். தொடுபுலன் போனவனை மரம் ஆனான் என்பது எங்ஙனம்? அங்கும் 'உற்று' என்பதே சொல் என்பதைக் காண்க. நரம்பூறு, நரம்பூறு.

அனுப்புநர்: மட்டுறுத்துநர்
வியாழன், பகல் 1.00

நாளை காலை படிவம் போக வேண்டும். கை தூக்கியவர்களை எண்ணினேன். நரம்புப் பாதிப்பு ஏழு, நரம்பூறு இரண்டு (ஒருவர் புலவர்), மேகவாதம் ஒன்று. நியூரோபதி என்றே விடு என்றவர்கள் மூவர். அவர்களுக்கும் பசி வந்துவிட்டது போலிருக்கிறது, ஏழோடு சேர்ந்துகொள்கிறோம் என்கிறார்கள்.

அனுப்புநர்: படிவக்காரி, அரியாங்குப்பம்
வெள்ளி, காலை 6.50

கடைசியாக எழுதியது இது: "சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு. இங்கே நரம்பு என்பது ரத்தம் ஓடும் குழாய் அல்ல. தொட்டால், சுட்டால், குத்தினால் அதைக் காலிலிருந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு." நீளம்தான், பரவாயில்லை. மறைப்பு, மருந்துப்போலி இரண்டும் சேர்ந்தாயிற்று. கடத்தல் போய் 'நரம்பு வேகச் சோதனை' வந்திருக்கிறது, டாக்டருக்கு அரைமனசு.

நேற்று மாலை காத்திருந்தவர்களில் சிலரிடம் வாசித்துப் பார்த்தேன். அப்போதுதான் பத்து கிராம் இழைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடச் சொல்லி நைலான் இழை வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஒரு தாத்தா இழை படுவதற்கு முன்பே "தெரியுது, தெரியுது" என்றார். படிவம் புரிந்ததா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். மற்றவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

விளையாட்டாக ஒரு பாகூர் அம்மாவிடம் நரம்பூறு என்றும் சொல்லிப் பார்த்தேன். சட்டென்று, "ஆமா கண்ணு, நரம்புல எறும்பு ஊருற மாதிரி இருக்குமே, அதானே?" என்றார்.

அனுப்புநர்: திருப்பாதிரிப்புலியூர்ப் புலவர்
வெள்ளி, காலை 7.05

அது ஊர்தல். இடையின ரகரம். நான் சொன்னது வல்லின றகரம். இரண்டும் வேறு.

அந்த அம்மையார் என் சொல்லை ஏற்றார் என்று குறித்துக்கொள்க.