முதல் வேலை தேடும் என் அண்ணன் மகளுக்கு வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் அண்ணன் மகளுக்காக, அவளுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பி.காம். முடித்த அவள் கணக்கில் கெட்டிக்காரி, டேலி என்ற கணக்கியல் மென்பொருளையும் கற்றிருக்கிறாள். ஆனால் நேர்காணல் என்றதும் முந்தைய இரவே உறக்கம் போய்விடுகிறது, கை நடுங்குகிறது, தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதை உறவினர்கள் சோம்பல் என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறாள். தனியார் வேலைவாய்ப்பு முகாமின் கூட்டமும் வரிசையும் அவளை இன்னும் ஒடுங்கச் செய்யும் என்று அஞ்சுகிறேன். அதைவிட, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையோடு கிடைக்கும் பயிற்சி, வேலையையும் மனிதர்களையும் மெல்லப் பழகிக்கொள்ள ஏற்றதாக இருக்கும் என்பது என் எண்ணம். நெய்வேலியிலோ, சிப்காட் தொழில் வளாகத்திலோ, புதுச்சேரியிலோ அவ்வாறு பயின்றவர்கள் இருந்தால், தேர்வு எப்படி நடந்தது, முதல் மாதங்கள் எப்படி இருந்தன என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். நான்கைந்து பேர் மட்டும் பணிபுரியும் ஆடிட்டர் அலுவலகம் ஏதேனும் இருந்தாலும் சொல்லுங்கள். சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை, அதட்டாமல் சொல்லிக்கொடுப்பவர்கள் வேண்டும்.

டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் அவளே பேசினாள். தமிழிலேயே பேச முடிந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கடலூரில் நேரில் சந்திக்கக்கூடிய நல்ல மனநல ஆலோசகரை அறிந்தவர்களும், மாலை நேரங்களில் அவளுடன் நேர்காணல் ஒத்திகை செய்ய மனமுள்ள சகோதரிகளும் அன்புகூர்ந்து பதிலிடுங்கள்.