முடிச்சூர் – கிண்டி தினமும் 40 கி.மீ.: பைக்கை நிறுத்தினால் என்ன வழி?

முடிச்சூர்வாசி:

வணக்கம். வீடு முடிச்சூரில், வேலை கிண்டி தொழிற்பேட்டையில். ஒரு வழிக்கு ஏறக்குறைய 20 கி.மீ., மாதம் 25 நாள். பைக் லிட்டருக்கு 45 கி.மீ. தருகிறது. ஜிஎஸ்டி சாலை சிக்னல்களில் நின்று நின்று போவதால் அதற்கு மேல் வராது. மாதம் 22 லிட்டர், லிட்டர் நூறைத் தாண்டிவிட்டதால் பெட்ரோலுக்கு மட்டும் 2,200 ரூபாய்க்கு மேல். இனியும் ஏறினால் கட்டாது.

யோசித்திருப்பவை: முழுத் தூரமும் மின்சார சைக்கிள், அல்லது தாம்பரம் வரை பைக், அங்கிருந்து மின்ரயில். வீட்டில் 28 இஞ்ச் பழைய சைக்கிள் ஒன்று ஆறு வருடமாகச் சும்மா நிற்கிறது, கம்பி பிரேக் வைத்தது. அதைத் தேற்ற முடியுமா, புதிதாக வாங்குவது நல்லதா?

கவனிக்க வேண்டியவை: 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். லேப்டாப், சாப்பாட்டுப் பை உண்டு. மனைவியும் என்னுடன் பைக்கில் தாம்பரம் வரை வருவார். நான் பைக்கை நிறுத்தினால் அவருக்கும் ஒரு வழி வேண்டும்.

மின்ரயில்தடம்:

20 கி.மீ.க்கு ஒரே வண்டியைத் தேடுவதால்தான் சிக்கல் பெரிதாகத் தெரிகிறது. வழியை மூன்றாக வெட்டுங்கள்: வீட்டிலிருந்து தாம்பரம் நிலையம் சுமார் 5 கி.மீ., தாம்பரம் முதல் கிண்டி வரை ரயில், கிண்டி நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு நடை.

நடுத்துண்டுதான் உங்கள் தூரத்தில் பெரும்பங்கு, அதற்கு மின்ரயிலைவிட மலிவு எதுவும் இல்லை. இரண்டாம் வகுப்பு மாத சீசன் எடுத்தால் இப்போது பெட்ரோலுக்குப் போகும் பணத்தில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு மூன்று மாத சீசனுக்கு மாறுங்கள். அதன் விலை மாத சீசனைப்போல 2.7 மடங்குதான், பத்து சதவீதம் மிச்சம். செயலியில் எடுத்தால் வரிசையில் நிற்கவும் வேண்டாம். சீசன் முடியும் தேதியை மட்டும் தொலைபேசியில் குறித்து வையுங்கள். முடிந்தது தெரியாமல் ஏறி அபராதம் கட்டுபவர்கள் நிறைய.

எந்த ரயிலில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது நாள் முழுவதும். செங்கல்பட்டிலிருந்து வருபவை கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூரிலேயே நிரம்பிவிடும். தாம்பரத்திலேயே புறப்படுபவை காலியாக வந்து நிற்கும், லேப்டாப் பையோடு உட்கார இடம் கிடைக்கும். நேர அட்டவணையில் புறப்படும் இடம் தாம்பரம் என்று இருப்பவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிண்டிக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்து, 9 மணிக்கு உள்ளே இருக்க 8 மணியை ஒட்டிய ரயிலைப் பிடியுங்கள். அதைத் தவறவிட்டாலும் அடுத்தது கைகொடுக்கும்.

நீங்கள் சொன்ன "தாம்பரம் வரை பைக்" பாதித் தீர்வுதான். தினம் 10 கி.மீ., மாதம் 250 கி.மீ., ஐந்தரை லிட்டர். ஏறக்குறைய 560 ரூபாயும் பைக் நிறுத்தக் கட்டணமும் மாதாமாதம் போகும். எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் குறுகிய ஓட்டத்தில் மைலேஜ் இன்னும் குறையும். அந்த 5 கி.மீ.க்குத்தான் உங்கள் பழைய சைக்கிள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனாலே 20 நிமிடம்.

மனைவிக்கு வழி எளிது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. முடிச்சூர் சாலையில் தாம்பரம் போகும் பேருந்தில் சாதாரணக் கட்டணப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏறச் சொல்லுங்கள். டீலக்ஸ், குளிர்சாதன வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு நாட்களில் சேவையை ரத்து செய்வார்கள், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். அந்த நாட்களுக்கு ஜிஎஸ்டி சாலைப் பேருந்து. அதற்காக 1,000 ரூபாய் மாதப் பேருந்து அட்டை எடுக்க வேண்டாம். தினமும் பேருந்தையே நம்பி இரண்டு மூன்று வண்டி மாறுகிறவருக்குத்தான் அது கட்டும்.

சைக்கிள்பட்டறை:

பழைய 28 இஞ்ச் சைக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள். ஃப்ரேமும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் நன்றாக இருந்தால் மற்ற எல்லாமே தெருமுனைக் கடையில் கிடைக்கும் உருப்படிகள். ஃபோர்க் தலைப்பகுதியிலும், சீட் கம்பி இறங்கும் இடத்திலும், பெடல் அச்சு உட்காரும் கூட்டிலும் துருவைச் சுரண்டிப் பாருங்கள். மேல் துரு என்றால் கவலையில்லை. சுரண்டும்போது தகடாகப் பெயர்ந்தாலோ, பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தாலோ அந்த ஃப்ரேம் வேண்டாம்.

ஆறு வருடம் நின்ற வண்டியில் டயர் கட்டாயம் மாற்ற வேண்டும். தரையில் படும் கட்டை நன்றாகத் தெரிந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருக்கும், காற்று ஏற்றி வெயிலில் ஓட்டும்போது அங்கேதான் பிதுங்கும். 28 × 1½ டயர் இரண்டு, டியூப் இரண்டு, ரிம் டேப் இரண்டு வாங்குங்கள். ரிம் டேப்பை மறந்தால் ஸ்போக் நுனி டியூபை உள்பக்கமாகக் குத்தும். அதை முள் என்று நினைத்து வெளியே தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஓவராயில், அதாவது முழுசாகப் பிரித்துக் கழுவிப் பூட்டும் வேலை, செய்யச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்கு 3/16 இஞ்ச் பால்ரஸ் (அச்சில் உருளும் இரும்புக் குண்டு), பின் சக்கரத்துக்கும் பெடல் அச்சுக்கும் 1/4 இஞ்ச். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அதன்மேல் புதுக் கிரீஸ் அப்பினால் பயனில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகுதான் புதுசு. பால்ரஸை அமுக்கிப் பிடிக்கும் கோன் நட்டை முறுக்கும்போது சக்கரம் தானாகச் சுற்றி நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் மிகச் சிறியது. அவசரமாக முறுக்கிவிட்டால் மூன்று மாதத்தில் கோன் குழி விழுந்துவிடும்.

பெடல் மிதிக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை "டொக்" என்று தட்டினால் அது காட்டர் பின், பெடல் கையை (கிராங்க்) அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு. சுத்தியலால் தட்டி இறுக்குவது இரண்டு நாள்தான் தாங்கும். பின்னை மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் கிராங்க் துளையே தேய்ந்துவிடும்.

செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின் வரை சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். 12⅛ வந்தால் செயின் தீர்ந்தது.

சென்னைக்கு ஒரு மாற்றம் செய்துகொள்ளலாம். வழக்கமாக முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் (ஃப்ரீவீல்) 18 பல். பின்னால் உள்ள ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றினால் மிதி பத்து சதவீதம் இலகுவாகும். 15 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 46 மிதிக்குப் பதில் 51 மிதி. முட்டிக்கு நல்லது, வியர்வையும் குறையும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம்.

சீட் உயரத்தை நிறையப் பேர் தவறாக வைக்கிறார்கள். உட்கார்ந்தபடி தரையில் இரண்டு காலும் ஊன்றினால் சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரி.

காற்று வாரம் ஒருமுறை. இந்தச் சைக்கிள்களில் வால்டியூப் வைத்த வால்வு இருக்கும், அந்த ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து விறைத்துக் காற்றைக் கசியவிடும். பஞ்சர் என்று டியூபைக் கழற்றும் முன் வால்வு வாயில் எச்சில் தொட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்டியூப் மாற்றினால் போதும். இரண்டு துண்டு பையில் இருக்கட்டும். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் அல்ல, காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறங்கி ரிம் கடித்தது. முள் குத்தியதென்றால் ஒட்டுப் போட்ட கையோடு டயரின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். கருவேல முள்ளின் நுனி உடைந்து டயரிலேயே தங்கியிருக்கும், எடுக்காவிட்டால் மறுநாளே திரும்பக் குத்தும்.

மொத்தச் செலவு புதுச் சைக்கிள் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மட்டும் புதுசை யோசியுங்கள்.

மோட்டார்_கிட்:

மின்சார சைக்கிள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத வண்டி என்றால் பதிவும் உரிமமும் தேவையில்லை. ஆனால் உங்கள் 40 கி.மீ.க்கு நான் சொல்ல மாட்டேன்.

36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்பது 360 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனாலும் கி.மீ.க்கு 10 முதல் 12 வாட்-மணி பிடிக்கும். ஆக 30 முதல் 36 கி.மீ. இரண்டு வழிக்கும் போதாது, அலுவலகத்தில் சார்ஜ் போட வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது தினசரி வழியாகாது.

தாம்பரம் வரைக்கும் மட்டும் சாதாரண சைக்கிளில் பொருத்தும் மோட்டார் கிட் போடலாம் என்று தோன்றினாலும், அந்தப் பழைய சைக்கிளில் வேண்டாம். முன்சக்கர மோட்டாருக்கு ஃபோர்க் இடைவெளி 100 மி.மீ. வேண்டும், பழைய ஃபோர்க்கில் அது குறைவு. விரித்துப் பொருத்தினால் சக்கரம் கோணும். மோட்டார் அச்சு திரும்பாமல் இருக்க டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் அச்சு ஃபோர்க் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும், ஒயரும் முறுக்கி அறுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். கம்பி பிரேக், இரும்பு ரிம், மழை, 25 கி.மீ. வேகம் எல்லாம் ஒன்றாகச் சேரக் கூடாது.

அந்த பிரேக் மோட்டார் இல்லாமலும் கவனிக்க வேண்டியதே. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும், முதல் சில சுற்றுக்குப் பிடிப்பே இருக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். அலுமினிய ரிம் இதில் எவ்வளவோ மேல். ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர் பக்கம் தண்ணீர் நிற்கும் நாட்களில் சைக்கிளை எடுக்கவே வேண்டாம், தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத குழி எங்கே என்று தெரியாது. அன்றைக்குப் பேருந்து.

மின்ரயில்தடம்:

இரண்டு விட்டுப்போனவை. லேப்டாப் பையை முதுகில் மாட்டாதீர்கள், முதுகு மொத்தமும் நனைந்துதான் ரயில் ஏறுவீர்கள். கேரியரில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டுங்கள், அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று இருந்தால் அதிர்ச்சி குறையும். நிலையத்தில் பூட்டும்போது சக்கரத்தோடு ஃப்ரேமையும் சேர்த்து அசையாத கம்பியில் பூட்ட வேண்டும். பின்சக்கர வளையப் பூட்டு மட்டும் போட்ட சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நிறுத்தத்தில் சைக்கிளுக்கு மாதச் சீட்டு உண்டா என்று கேளுங்கள்.

முடிச்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஃப்ரேமில் மேல் துரு மட்டும்தான். செயினை அளந்தேன், 24 கண்ணிக்கு 12 இஞ்சைவிடக் கால் இஞ்ச் கூடுதல். செயினை மட்டும் மாற்றினால் போதுமா? முன்னால் உள்ள பல்சக்கரம் எப்படி என்று தெரியவில்லை.

சைக்கிள்பட்டறை:

கால் இஞ்ச் என்றால் அந்தச் செயின் பல்லையும் தின்றிருக்கும். பழைய ஃப்ரீவீலில் புதுச் செயின் போட்டால் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது நழுவும், பெடல் சட்டென்று இறங்கி ஆள் முன்னால் விழ வாய்ப்பு உண்டு. எப்படியும் 20 பல் ஃப்ரீவீல் மாற்றுவதால் இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். முன் பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருந்தால் அப்படியே விடலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டும்.

புதுச் செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் வறளத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெயில்தான் சாலைத் தூசி ஒட்டி அரைக்கும். பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றச் சொல்வார்கள், அதில் உலோகத் தூள் இருக்கும், வேண்டாம்.