உங்க டிசைனை அடுத்தவங்க சிஸ்டம் கவுத்த அனுபவம் இருந்தா எழுதுங்க (எம்இபி, அதாவது ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலை; ஸ்பெஷல் பில்டிங் மட்டும்)

டக்ட்டுக்காரன்:

ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர், லேப், உள்ளரங்கு நீச்சல் குளம் மாதிரி பில்டிங்குக்கு எம்இபி பண்றவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். ஏசி டிராயிங்கை தனியா பாத்தா சுத்தமா இருக்கும், எலக்ட்ரிக்கலும் சுத்தமா இருக்கும், பிளம்பிங்கும் அப்படித்தான், ஆனா மூணையும் ஒரே நேரத்துல ஓட விட்டா ஒண்ணு இன்னொண்ணை கவுத்துரும். சாதா ஆபீஸ்ல இது நடந்தா கொஞ்சம் புழுங்கும், ஆளுங்க புலம்புவாங்க, அதோட போச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல அப்படி விட முடியாதுல்ல. நேர்ல பாத்ததை எழுதுங்க, நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

ஒரு தியேட்டர். மணிக்கு 20 தடவை காத்து மாறணும், அதுல 4 தடவை வெளிக்காத்து, டேபிளுக்கு மேல காத்தை நேரா கீழ இறக்குற லேமினார் டிஃப்யூசர், சுவரோரம் கீழ ரிட்டர்ன், எல்லாம் வழக்கமான டிசைன்தான். காரிடாரை விட உள்ள காத்தழுத்தம் குறைஞ்சது 2.5 பாஸ்கல் அதிகமா நிக்கணும். கணக்குப் போட்டா அது கால் மில்லிமீட்டர் தண்ணி உசரம், அவ்ளோ சின்னது, அதனாலதான் அதை நிக்க வைக்கிறது இவ்ளோ பாடு. பேலன்சிங் (காத்து அளவை ஒழுங்கு பண்ற வேலை) பண்ணப்ப ஜோரா நின்னுச்சு. அப்புறம் சீலிங்ல இருந்து தொங்குற பென்டன்ட் மாட்டி, கூடுதலா சாக்கெட் போட்டு, டேட்டா கேபிள் இழுத்து எல்லாம் முடிச்சிட்டு பாத்தா கேஜ் முள்ளு பூஜ்யத்தை ஒட்டி ஆடிட்டு இருக்கு.

காண்ட்ராக்டர் ஃபேன் ஸ்பீடை ஏத்திரலாம்னார். நான் ஒத்துக்கல, ஏன்னா ஸ்பீடு ஏத்துனா டேபிள் மேல இறங்குற காத்தோட வேகம் மாறும், சத்தம் கூடும், ஹெப்பா ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், ஓட்டை மட்டும் இருந்த இடத்துலயே இருக்கும். ஸ்மோக் பென்சிலை எடுத்துட்டு சுவர் சுவரா போனோம். ஒரு புது சாக்கெட் பிளேட்டோட ஓரத்துல பிடிச்சதும் புகை நூல் மாதிரி அப்படியே அந்த சந்துக்குள்ள போகுது, பக்கத்துல இருந்த அடுத்த சாக்கெட்லயும் அதே கதை. வயர் போற கான்டுயிட் பைப்போட இன்னொரு முனை காரிடார் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல வாயைத் திறந்துட்டு கிடந்துச்சு, சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நாம பாத்துப் பாத்து வச்ச வித்தியாசம் பூரா அந்த பைப்புங்க வழியாத்தான் போயிருக்கு. ஒவ்வொரு கான்டுயிட் முனையையும் சீல் பண்ணதும் முள்ளு தானா ஏறுச்சு, ஃபேனைத் தொடவே இல்ல. எலக்ட்ரிக்கல் ஆளுங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், அவங்க டிராயிங்ல அது காத்து அடைக்கிற சுவர்னு யாருமே குறிக்கல.

பேனல்போர்டு அக்கா:

தம்பி, அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். எங்க பக்கம் நடந்ததையும் சொல்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் டெஸ்ட். மெயின் சப்ளையை முழுசா கட் பண்ணோம், 10 செகண்டுக்குள்ள எமர்ஜென்சி பேனலுக்கு கரண்ட் வந்துருச்சு, தியேட்டர் லைட்டு, ஐசியூ, மெடிக்கல் வேக்கம் பம்ப் எல்லாம் எடுத்துக்கிச்சு, கொஞ்ச நேரம் ஓட்டிட்டு எல்லாரும் கைகுலுக்கிட்டு கிளம்புற மாதிரி இருந்தாங்க. நான் மட்டும் போகக்கூடாதுன்னு உக்காந்துட்டேன், டே டேங்க்ல (ஜெனரேட்டருக்கு டீசல் கொடுக்குற சின்ன டேங்க்) டீசல் இறங்கி மறுபடி ரொம்புறதைக் கண்ணால பாக்காம கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டேன். லெவல் இறங்குது, ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்னல் கொடுக்குது, கீழ இருக்குற டீசல் பம்ப் அசையவே இல்ல. தேடிப் பாத்தா அந்த பம்புக்கு கரண்ட் சாதாரண சப்ளை பேனல்ல இருந்து போகுது. அதாவது மெயின் இருந்தாத்தான் டீசல் ஏறும், ஆனா மெயின் இல்லாதப்பதானே நமக்கு டீசல் வேணும். பம்ப் பிளம்பிங் பேக்கேஜ்ல வந்துச்சு, அவங்க "மூணு ஃபேஸ் சப்ளை பை எலக்ட்ரிக்கல்"னு எழுதிட்டு போயிட்டாங்க, எங்க ஆளு பக்கத்துல எந்த பேனல் இருந்துச்சோ அதுல மாட்டிட்டான்.

2012ல சாண்டி புயல் அடிச்சப்ப நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரில நடந்ததை எல்லா ஜூனியருக்கும் நான் சொல்லுவேன். ஜெனரேட்டர் 13வது மாடில பத்திரமா இருந்துச்சு, வெள்ளம் அது பக்கத்துலகூட போகல. ஆனா டீசலை மேல அனுப்புற பம்புங்க பேஸ்மென்ட்ல இருந்துச்சு, தண்ணி புகுந்து நின்னுருச்சு. ஆளுங்க படிக்கட்டுல வரிசையா நின்னு கைமாத்தி கைமாத்தி டீசலை 13 மாடி தூக்கிக் கொடுத்தாங்க, கடைசில நோயாளிங்களை வெளியேத்த வேண்டியதா போச்சு. ஜெனரேட்டரை மேல வச்சவங்க நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க, ஆனா அது சாப்பிடுறது கீழ இருந்துல்ல வருது.

டேட்டா சென்டர்லயும் இதே தலைவலி. சர்வருக்கு யூபிஎஸ் இருக்கும், ஏசிக்குக் குளிர்ந்த தண்ணி அனுப்புற சில்டு வாட்டர் பம்புக்கு இருக்காது. ஜெனரேட்டர் வந்து, தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் திரும்ப ஸ்டார்ட் ஆகுறதுக்குள்ள ரேக்கு முன்னாடி காத்து 27 டிகிரியைத் தாண்டி ஏறிட்டே போகும். பம்பையும் ஃபேனையும் யூபிஎஸ்ல போட்டு, குளிர்ந்த தண்ணியைச் சேத்து வைக்க ஒரு பஃபர் டேங்க் வச்சாத்தான் அந்த இடைவெளியைக் கடக்க முடியும்.

பைப்லைன்:

அக்கா சொன்னதுல பிளம்பிங் பேரு வந்துருச்சு, அதனால எங்க நியாயத்தையும் சொல்லிடறேன் 🙂 

தொற்று நோயாளிக்கான ஐசோலேஷன் ரூம். மணிக்கு 12 தடவை காத்து மாத்தம், ரூம் நெகட்டிவ் பிரஷர், எக்ஸாஸ்ட் எந்த ரூமுக்கும் திரும்பாம நேரா வெளிய. திறந்து கொஞ்ச நாள்லயே கக்கூஸ் நாத்தம்னு புகார், பிளம்பிங் லீக்குன்னு எங்க மேல போட்டாங்க. பைப் எல்லாம் டெஸ்ட் பண்ணோம், ஒரு சொட்டு லீக் இல்ல. அட்டாச்டு பாத்ரூம்ல இருந்த ஃப்ளோர் டிராப் (உள்ள தண்ணி நின்னு சாக்கடைக் காத்தை அடைக்கிறது) ஜல்லடையைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள பொட்டுத் தண்ணி இல்லாம காஞ்சு கிடக்கு. அந்த பாத்ரூம் தரையை யாரும் தண்ணி ஊத்திக் கழுவறதில்ல, மாப் மட்டும்தான் போடுறாங்க. டிராப்ல 50 மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது கிட்டத்தட்ட 490 பாஸ்கல் தாங்கும், ரூமோட நெகட்டிவ் பிரஷர் அதை உறிஞ்சவே முடியாது. ஆனா காத்து ஓடிட்டே இருக்குறதால தண்ணி ஆவியாகும், ஒரு தடவை காஞ்சிருச்சுன்னா அப்புறம் அந்த எக்ஸாஸ்ட் ஃபேனே சாக்கடைக் காத்தை ரூமுக்குள்ள இழுக்க ஆரம்பிச்சிடும். நோயாளியைக் காப்பாத்த வச்ச ஃபேன் அது.

இதை நான் சும்மா நாத்தம்னு எடுத்துக்க மாட்டேன். 2003ல சார்ஸ் வந்தப்ப ஹாங்காங் அமோய் கார்டன்ஸ் குடியிருப்புல 300 பேருக்கு மேல தொத்துச்சு, அங்க விசாரிச்சவங்க காஞ்சு போன ஃப்ளோர் டிரெயின் டிராப்பையும் அது வழியா கழிவுநீர் பைப் காத்தை இழுத்த பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனையும் முக்கிய வழியாச் சொன்னாங்க. டிராப்பும் ஃபேனும் தனித்தனியா பாத்தா ரெண்டுமே சாதாரண அயிட்டம்.

நாங்க பண்ணது சிம்பிள், வாஷ்பேசின் வேஸ்ட் பைப்பை அந்த ஃப்ளோர் டிராப்புக்குள்ள விட்டுட்டோம், கை கழுவுற ஒவ்வொரு தடவையும் டிராப்புக்குத் தண்ணி கிடைக்கும். இப்பல்லாம் ஏசி டீம்கிட்ட நெகட்டிவ் ரூம் லிஸ்ட் வாங்காம நான் ட்ரெயினேஜ் லேஅவுட் தொடங்குறதே இல்ல. அந்த ரூம்ல ஃப்ளோர் டிரெயின் தேவையான்னே முதல்ல கேப்பேன், தேவையில்லன்னா எடுத்துடறது இன்னும் நல்லது.

குளத்தடி:

நீச்சல் குளம் பத்தி யாரும் எழுதல, நான் சுருக்கமா. குளத்து ஹால்ல டக்ட் தொங்க விட 304 ஸ்டெயின்லெஸ் ராடு போட்டிருந்தாங்க, துரு பிடிக்காதுன்னு நம்பி. ராடு மேல டீக்கறை மாதிரி பழுப்புக் கோடு இறங்கிருக்கு. குளோரின் காத்துல கலந்து மேல போய் படியும், தண்ணி தெளிச்சுக் கழுவிவிடாத இடம், ராடுல எந்நேரமும் இழுவை, இது மூணும் சேந்தா ஸ்டெயின்லெஸ் வெளிய பெருசா தெரியாமலே உள்ள விரிசல் விடும். 1985ல சுவிட்சர்லாந்து ஊஸ்டர்ல இப்படித்தான் குளத்தோட கான்க்ரீட் சீலிங்கே விழுந்து 12 பேர் செத்தாங்க. கரண்ட் பில்லைக் குறைக்க உள்காத்தையே சுத்தி விட்டுட்டு வெளிக்காத்தைக் குறைச்சா அந்தப் படிவு இன்னும் ஏறும், அதை ஏசி டீம் கணக்குல எடுக்கணும். எல்லா ராடையும் மாத்தச் சொல்லிட்டுத்தான் ஸ்கேஃபோல்டிங்ல இருந்து இறங்குனேன்.

கூரைமேல்:

எம்ஆர்ஐ ரூம். ரெண்டு விஷயம் பாத்தேன். ஒண்ணு, வெளி ரேடியோ அலையைத் தடுக்குற ஆர்எஃப் ஷீல்டு ஒரு பெட்டி மாதிரி ரூமைச் சுத்தி இருக்கும், உள்ள போற டக்ட், கேஸ் பைப், ஸ்பிரிங்க்ளர் எல்லாம் வேவ்கைடு (அந்த அலையை உள்ள விடாத உலோகக் குழாய்) வழியாத்தான் போகணும், வயரா இருந்தா ஃபில்டர் வழியா. யாரோ ஒரு வயரை மட்டும் ஓட்டை போட்டு நேரா உள்ள விட்டுட்டாங்க, படத்துல ஜிப்பு வச்ச மாதிரி கோடு விழுந்துச்சு, மெஷின்காரங்க ரூமைத் தடவித் தடவி அதைக் கண்டுபிடிச்சாங்க.

ரெண்டாவதுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. மேக்னெட்ல இருக்குற திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரி. குவென்ச் ஆனா, அதாவது மேக்னெட் திடீர்னு சூடேறி ஹீலியம் கொதிச்சா, அது வாயுவாகி 700 மடங்குக்கு மேல விரியும், அதுக்குன்னு மொட்டை மாடி வரைக்கும் தனியா ஒரு பைப். டிராயிங்ல அந்த பைப் முனை சரியான இடத்துலதான் இருந்துச்சு. பின்னாடி மேல் மாடி வார்டுக்கு ஒரு ஏஎச்யூ (ஏசி காத்தைத் தயார் பண்ணி அனுப்புற யூனிட்) சேத்தாங்க, வெளிக்காத்தை இழுக்குற அதோட ஃப்ரெஷ் ஏர் லூவர் அந்த முனையைப் பாத்தபடி பக்கத்துலயே வந்து உக்காந்துச்சு. குவென்ச் ஆச்சுன்னா ஆக்சிஜன் இல்லாத காத்து வார்டுக்குள்ள போகும். ரெண்டு டிராயிங்கும் வேற வேற ஷீட், மொட்டை மாடில நேர்ல போய் நின்னாத்தான் ரெண்டும் ஒண்ணா தெரியும்.

டக்ட்டுக்காரன்:

லூவரை மாத்துனாங்களா அண்ணே, இல்ல குவென்ச் பைப்பை நீட்டுனாங்களா?

கூரைமேல்:

லூவரைத்தான் தம்பி. குவென்ச் பைப்பை நீட்டுனா பெண்டு கூடும், பிரஷர் டிராப் கூடும், மெஷின் கம்பெனி கொடுத்த லிமிட்டைத் தாண்டிரும், அப்புறம் வாயு ஸ்கேன் ரூமுக்குள்ளயே திரும்ப வாய்ப்பிருக்கு. ஏஎச்யூ இன்டேக் டக்ட்டைத் திருப்பி மாடியோட எதிர் மூலைக்குக் கொண்டு போனாங்க, ஃபேன் தள்ள வேண்டிய அழுத்தம் (ஸ்டாட்டிக்) கொஞ்சம் ஏறுச்சு, மோட்டார் தாங்குச்சு. குவென்ச் முனையைச் சுத்தி தரையில மஞ்சள் பெயிண்ட்ல எல்லை போட்டு, இதுக்குள்ள இன்டேக் வரக்கூடாதுன்னு மாஸ்டர் ரூஃப் பிளான்லயும் ஏத்த வச்சேன்.