லாக்கர்பி தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே விமானத்தில் குண்டு வெடித்து 270 பேர் இறந்தார்கள். அதில் மகள் ஃப்ளோராவை இழந்த டாக்டர் ஜிம் ஸ்வையரைப் பற்றிய 2025 தொடர் இது. காலின் ஃபர்த் நடித்தது. விமானப் பாதுகாப்பின் ஓட்டையைக் காட்ட, ஸ்வையர் போலிக் குண்டோடு விமானமே ஏறினார்!

எங்கள் பெரியாத்தா 1998 கோவை குண்டுவெடிப்பில் மகனைப் பறிகொடுத்தவர். வளவில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், மாவுக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “அந்த அப்பன் என்னப்பா சொல்றாரு?” என்று வரிக்கு வரி கேட்கிறார். சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தமிழ் சப்டைட்டில் எங்கே கிடைக்கும்? இல்லையென்றால் முதல் பகுதிக்காவது வசனத்தைத் தமிழில் எழுதித் தர முடியுமா? டைப் அடிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.